உங்க எக்செல் சார்ட் உங்ககிட்டயே பொய் சொல்லுதா?



ரெண்டு வருஷம், ஒரு மாசம் கூட விடாம செலவுக் கணக்கு எழுதினவன் நான். டீக்கு குடுத்த 12 ரூபா வரைக்கும் எக்செல்ல இருக்கும். மாசக் கடைசியில ஒரு பை சார்ட். அதுவும் 3டி, கலர் கலரா. வாடகை 30 சதவீதம், சாப்பாடு 24, வீட்டுக்கு அனுப்புறது 14, பைக் டியூ 12, போக்குவரத்து 10, இதர செலவு 10. ஒவ்வொரு மாசமும் வட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். "பரவாயில்ல, எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்கு"ன்னு ஃபைலை மூடிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் அப்பாவுக்கு கண் ஆபரேஷன்னு ஊர்ல இருந்து போன். என் அக்கவுண்ட்ல இருந்தது 11,000 ரூபா.

அக்காவுக்கு கோபம். "கணக்கு எழுதுறேன் எழுதுறேன்னு சொன்னியே, அதைக் காட்டு"ன்னாங்க. லேப்டாப்பைத் திறந்து அந்த வட்டத்தைக் காட்டினேன். அக்கா எக்செல் தெரிஞ்சவங்க இல்ல. ஆனா மகளிர் சுயஉதவிக் குழுவுல கணக்கு நோட்டு எழுதுறவங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "டேய், இதுல இருப்பு எங்கடா?"

இருப்பு அதுல இல்ல. வரவு, செலவு, இருப்புன்னு அவங்க நோட்டுல இருக்கிற மூணாவது கட்டம் என் சார்ட்ல கிடையவே கிடையாது. இருந்திருந்தா, சம்பளம் 32,000-ல இருந்து 47,000 ஆனப்போ என் செலவும் 27,000-ல இருந்து 46,000 ஆனது கண்ணுல பட்டிருக்கும். பை சார்ட்ல அது தெரியாது. ஏன்னா மொத்தம் எவ்வளவா இருந்தாலும் வட்டம் முழு வட்டம்தான். வாடகை 8,100-ஆ இருந்தப்பவும் 30 சதவீதம், 13,800 ஆனப்பவும் 30 சதவீதம். செலவு கூடக் கூட வட்டமும் பெருசாகணும்னு எக்செல்லுக்கு யாரும் சொல்லல.

சார்ட் போடுறது பத்தி வீடியோ பண்ணுங்கன்னு கேட்டவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எந்த பட்டனை அழுத்தணும்னு வீடியோவுல பார்த்துக்கலாம். இங்க நான் பேசப்போறது, அழகா இருக்கிற சார்ட் எப்படி நம்மளையே ஏமாத்துது, அதை எங்க திருத்தணும்ங்கிறதைப் பத்தி.

முதல்ல கேள்வி, அப்புறம் சார்ட்

டேட்டாவை செலக்ட் பண்ணி ஆல்ட் + எஃப்1 அடிச்சா எக்செல் ஒரு சார்ட் போட்டுக் கொடுத்துடும். ஒரு செகண்ட் வேலை. அதனாலதான் நம்ம கேள்வியே இல்லாம சார்ட் போடுறோம். அதுக்கு முன்னாடி, சார்ட் வரப்போற இடத்துக்கு மேல ஒரு செல்லுல உங்க கேள்வியைத் தமிழ்ல டைப் பண்ணுங்க. "மாசம் எவ்வளவு மிஞ்சுது, அது கூடுதா குறையுதா?" இதுதான் என் முதல் கேள்வியா இருந்திருக்கணும். இந்தக் கேள்வியை எழுதின பிறகு யாருக்கும் பை சார்ட் போடத் தோணாது. காலப்போக்குல மாறுற விஷயத்துக்கு வட்டம் சரிப்படாது.

இதுக்கு ஏத்தது ஸ்டாக்டு காலம் சார்ட், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின தூண். மூணு காலம் போதும்: மாசம், மிச்சம், செலவு. மிச்சம் முதல்ல, செலவு ரெண்டாவது. இந்த வரிசை முக்கியம். எக்செல் முதல் காலத்தைத்தான் தூணோட அடியில வைக்கும். அடியில இருக்கிற நிறத்தை மட்டும்தான் நம்ம கண்ணால மாசத்துக்கு மாசம் ஒழுங்கா ஒப்பிட முடியும், ஏன்னா எல்லாம் ஒரே தரையில நிக்குது. மேல இருக்கிறதெல்லாம் அந்தரத்துல மிதக்கும், எது உயரம்னு சொல்ல முடியாது. அதனால எதைக் கவனிக்கணுமோ அதை அடியில வைங்க. மிச்சம் மைனஸ்ல போன மாசம் கோட்டுக்குக் கீழே தொங்கும். அதைப் பார்த்தா கொஞ்சம் வலிக்கும். எனக்கு வலிச்சுது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல. 1984-ல வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில்னு ரெண்டு புள்ளியியல் ஆராய்ச்சியாளர்கள் ஆட்களுக்குப் படங்களைக் காட்டி சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரே அளவுகோல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற அளவுகளை மனுஷங்க நல்லா கணிக்கிறாங்க, கோணத்தைக் கணிக்கிறதுல தடுமாறுறாங்கன்னு தெரிஞ்சுது. பை சார்ட் முழுக்க கோணம்தானே. அதை 3டி ஆக்கினா இன்னும் மோசம்: முன்னாடி இருக்கிற துண்டு இல்லாத அளவுக்குப் பெருசாத் தெரியும். (தூண், கோடு சார்ட்டெல்லாம் 1786-லயே புத்தகத்துல போட்ட வில்லியம் பிளேஃபேர்தான் 1801-ல பை சார்ட்டையும் போட்டார். ஒரே ஆள்! நல்லதும் அவர்தான், வம்பும் அவர்தான்.)

எந்த வகைச் செலவு அதிகம்னு பார்க்கணும்னா? படுக்கைவாக்குல போற பார் சார்ட் போடுங்க. "வீட்டுக்கு அனுப்புறது" மாதிரி நீளமான பேரெல்லாம் சாயாம நேரா நிக்கும். முதல்ல டேட்டாவைப் பெருசுல இருந்து சிறுசா சார்ட் பண்ணிடுங்க (இது வரிசைப்படுத்துற சார்ட், படம் இல்ல). எக்செல் அதைத் தலைகீழா காட்டும். பதறாதீங்க, பேர் இருக்கிற அச்சை ரைட் கிளிக் பண்ணி ஃபார்மட் ஆக்ஸிஸ்ல "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" டிக் பண்ணா சரியாயிடும். எல்லா பட்டைக்கும் சாம்பல் நிறம், குறைக்க நினைக்கிற ஒண்ணுக்கு மட்டும் ஆரஞ்சு. போதும்.

பூஜ்யம் எங்க போச்சு?

பிஎஃப் வட்டியை எடுத்துக்குவோம், சம்பளக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர். 2021-22-ல 8.1 சதவீதம், 2022-23-ல 8.15, 2023-24-ல 8.25. இதை எக்செல்ல தூண் சார்ட்டாப் போட்டுப் பாருங்க. வட்டி எகிறி அடிச்ச மாதிரி தெரியும்.

காரணம், அச்சு பூஜ்யத்துல ஆரம்பிக்கல. எக்செல்லுக்கு ஒரு பழக்கம்: சின்ன நம்பருக்கும் பெரிய நம்பருக்கும் இடையில வித்தியாசம் ரொம்பக் குறைவா இருந்தா, அதுவா அடியை வெட்டிட்டு நடுவுல இருந்து ஆரம்பிச்சுடும். சின்ன நம்பர், பெருசுல ஆறுல அஞ்சு பங்குக்கு மேல இருந்தா இப்படி நடக்கும்னு கணக்கு வச்சுக்கலாம். அச்சு 8-ல ஆரம்பிச்சா 8.1-ஓட தூண் உயரம் 0.1, 8.25-ஓட உயரம் 0.25. கண்ணுக்கு ரெண்டரை மடங்கு. உண்மையில உங்க பிஎஃப்ல 5 லட்சம் இருந்தா இந்த வித்தியாசம் வருஷத்துக்கு 750 ரூபா.

சரி பண்றது சுலபம். அச்சு மேல டபுள் கிளிக், ஃபார்மட் ஆக்ஸிஸ், பவுண்ட்ஸ், அதுல மினிமம் இடத்துல 0. கூகுள் ஷீட்ஸ்ல சார்ட் எடிட்டர், கஸ்டமைஸ், வெர்டிகல் ஆக்ஸிஸ், மின்.

ஆனா இதை எல்லாத்துக்கும் சட்டமா வச்சுக்காதீங்க. தூண் சார்ட்ல நீளம்தான் அளவு, அதனால பூஜ்யம் கட்டாயம். கோடு சார்ட்ல நம்ம பார்க்கிறது ஏற்ற இறக்கத்தை. அங்க பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சா சில சமயம் கோடு செத்த ஈசிஜி மாதிரி படுத்துடும். அங்க நடுவுல இருந்து ஆரம்பிக்கலாம், ஆனா எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெளிவா தெரியணும். அடுத்த தடவை ஏதாவது முதலீட்டு விளம்பரத்துல தூண் படம் பார்த்தா, முதல்ல இடது பக்கம் அடியில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க. நம்பரே போடலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

2019, 2020, 2021-ன்னு வருஷம் போட்ட காலத்தையும் சேர்த்து செலக்ட் பண்ணா, எக்செல் அதையும் பணம்னு நினைச்சு ஒரு கோடு போட்டுடும். எத்தனை பேர் இதுல மண்டையை உடைச்சிருப்பீங்க! வருஷக் காலத்தோட தலைப்பு செல்லை மட்டும் காலியா விட்டுட்டு சார்ட் போடுங்க, அது புரிஞ்சுக்கும்.

பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருந்து ஒட்டின தேதி செல்லுல இடது பக்கம் ஒட்டிக்கிட்டு நின்னா அது பெரும்பாலும் தேதி இல்ல, வெறும் எழுத்து. எக்செல் அதை தேதியா நினைக்காது. நடுவுல ரெண்டு மாசம் விட்டுப்போனாலும் சார்ட்ல இடைவெளி தெரியாது. டேட்டா மெனுவுல "டெக்ஸ்ட் டு காலம்ஸ்" போய் கடைசிப் படியில தேதி, மாசம், வருஷம்னு வரிசை சொல்லிட்டா மாறிடும்.

அச்சுல 3000000, 3500000-ன்னு பூஜ்யமா எண்ண வச்சா யாரும் படிக்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு காலம் போட்டு எல்லாத்தையும் 1,00,000-ஆல வகுத்து, தலைப்புல "லட்சம் ரூபாயில்"னு எழுதி அதை சார்ட் பண்ணுங்க. 

அப்புறம், மாசா மாசம் சார்ட்டோட எல்லையை இழுத்துக்கிட்டு இருக்க வேண்டாம். டேட்டாவுல நின்னு கன்ட்ரோல் + டி அடிச்சு டேபிள் ஆக்கிடுங்க. அடியில புது மாசம் சேர்த்தா சார்ட் தானா நீளும்.

இன்சூரன்ஸ் பிரீமியம், தீபாவளி, ஸ்கூல் ஃபீஸ்னு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவு மாசக் கோட்டை மலை மாதிரி தூக்கிடும். அதுக்குப் பக்கத்துல கடைசி 12 மாச சராசரியை ஒரு காலமா போட்டு அதை அழுத்தமான கோடா வரையுங்க. எந்தக் கட்டத்துல பார்த்தாலும் பெரும்பாலும் அதுல ஒரு தீபாவளி மட்டும்தான் இருக்கும். அந்தக் கோடு ஏறுதுன்னா நிஜமாவே செலவு ஏறுது.

570 புள்ளியும் 3,934 புள்ளியும்

எஸ்ஐபி ஆரம்பிச்சவங்க எல்லாரும் ஒரு தடவையாவது சென்செக்ஸோட நீண்டகால சார்ட்டைப் பார்த்திருப்பீங்க. இடது பக்கம் தரையோட தரையா போய், வலது பக்கம் ராக்கெட் மாதிரி ஏறும். "அப்போ ஒண்ணும் நடக்கல, இப்பதான் ஏறுது, இறங்கினாலும் இப்பதான் பயங்கரமா இறங்குது"ன்னு தோணும்.

1992 ஏப்ரல் 28, ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளிவந்த சமயம், ஒரே நாள்ல சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2020 மார்ச் 23, கொரோனா பயத்துல ஒரே நாள்ல 3,934 புள்ளி. சாதாரண சார்ட்ல ரெண்டாவது பள்ளம் கிணறு மாதிரி தெரியும், முதலாவதை பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். ஆனா சதவீதத்துல? 1992-ல 12.77, 2020-ல 13.15. போட்டவங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே அடி.

ஃபார்மட் ஆக்ஸிஸ்ல "லாகரித்மிக் ஸ்கேல்"னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. அதைப் போட்டா அச்சு 1,000, 10,000, 1,00,000-ன்னு பத்து மடங்கா போகும். அப்போ சம சதவீத ஏற்றம், இறக்கமெல்லாம் படத்துல சம உயரமா தெரியும். 1992-ம் தெரியும், 2008-ம் தெரியும். பத்து, இருபது வருஷக் கதையைப் பார்க்கும்போது இதைப் போடுங்க. உங்க செலவுக் கணக்குக்குப் போடாதீங்க, அங்க ரூபாதான் பேசணும்.

இன்னொரு வம்பு, ரெண்டு பக்கமும் அச்சு வைக்கிறது. என் எஸ்ஐபி மதிப்பு 1,80,000-ஐ இடது அச்சுலயும், கிரெடிட் கார்டு பாக்கி 60,000-ஐ வலது அச்சுலயும் போட்டு ஒரு காலத்துல சார்ட் வச்சிருந்தேன். ரெண்டு கோடும் ஒரே உயரத்துல போகும். எந்த அச்சை எவ்வளவு இழுக்கிறோம்ங்கிறதைப் பொறுத்து யார் வேணா ஜெயிக்கலாம். இப்போ ரெண்டையும் ஒரே அச்சுலதான் வைக்கிறேன்.

அக்காவோட வீட்டுக் கடன்

போன வருஷம் அக்காவும் மாமாவும் வீடு வாங்க 30 லட்சம் கடன் போட முடிவு பண்ணாங்க. 8.5 சதவீதம், 20 வருஷம். கடன் கொடுக்கிற இடத்துல ஒரு அழகான பிரிண்ட் அவுட் கொடுத்திருந்தாங்க. இஎம்ஐ 26,035. கூடவே ஒரு பை சார்ட்: அசல் 48 சதவீதம், வட்டி 52 சதவீதம். "ஏறக்குறைய பாதிக்குப் பாதிதானே தம்பி, மாசா மாசம் பாதி நம்ம வீட்டுக்குத்தான் போகுது"ன்னு மாமா சொன்னார்.

மறுபடியும் அதே வட்டம். இந்தத் தடவை ஒளிஞ்சது காலம். 20 வருஷத்துக்கு மொத்தமா பார்த்தா பாதிக்குப் பாதி உண்மைதான். ஆனா எந்தப் பாதி எப்போ போகுதுன்னு அதுல இல்ல.

அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து போட்டேன். நீங்களும் போடலாம். முதல் காலத்துல 1-ல இருந்து 240 வரைக்கும் மாசம். அடுத்த காலத்துல அசல், அதுக்கு பிபிஎம்டி ஃபார்முலா. அடுத்து வட்டி, அதுக்கு ஐபிஎம்டி. ரெண்டுக்கும் உள்ளே கொடுக்க வேண்டியது ஒண்ணேதான், இந்த வரிசையில: வருஷ வட்டியை 12-ஆல வகுத்தது, எத்தனையாவது மாசம், மொத்த மாசம் 240, கடன் தொகை. தொகைக்கு முன்னாடி மைனஸ் போடுங்க, இல்லைன்னா விடை மைனஸ்ல வரும். வட்டி விகிதத்தைத் தனியா ஒரு செல்லுல வச்சு அதைக் காட்டுங்க, நாளைக்கு வட்டி மாறினா அந்த ஒரு செல்லை மாத்தினா போதும். அப்புறம் அசல், வட்டி ரெண்டையும் ஸ்டாக்டு காலம். அசல் அடியில. தூண்களுக்கு இடையில சந்து இல்லாம இருக்க "கேப் விட்த்" 0.

படம் வந்ததும் எனக்கே திக்குன்னு இருந்துச்சு. முதல் மாசம் கட்டுற 26,035-ல 21,250 வட்டி. வீட்டுக்குப் போறது 4,785. அடியில இருக்கிற பச்சை நிறம் ஒரு மெல்லிய பட்டையா ஆரம்பிச்சு ரொம்ப மெதுவா ஏறுது. அசல் வட்டியைத் தாண்டுறது 143-வது மாசம். கிட்டத்தட்ட 12 வருஷம் கழிச்சு!

அக்கா விரலை 60-வது மாசத்துல வச்சாங்க. "மாமாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்து, அஞ்சு வருஷத்துல விக்க வேண்டி வந்தா?"

கணக்கு பார்த்தோம். அஞ்சு வருஷத்துல கட்டியிருப்பது 15 லட்சத்து 62 ஆயிரம். குறைஞ்ச கடன் 3 லட்சத்து 56 ஆயிரம். பாக்கி இன்னும் 26 லட்சத்து 44 ஆயிரம். மாமா எதுவும் பேசல. பிரிண்ட் அவுட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.

கடன் வேண்டாம்னு நான் சொல்லல, அவங்களும் விடல. வாடகை கட்டிக்கிட்டே இருக்கவும் அவங்களுக்கு இஷ்டம் இல்ல. ஆனா இந்தப் படத்தைப் பார்த்த பிறகு கேள்வி மாறிச்சு: முதல் வருஷங்கள்ல கொஞ்சம் கூடக் கட்டினா என்ன ஆகும்? வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ, மாமாவோட போனஸ்ல இருந்து, அதிகமா கட்டுறதா வச்சு இன்னொரு ஷீட் போட்டோம். கடன் 20 வருஷத்துக்குப் பதிலா சுமார் 16 வருஷம் 8 மாசத்துல முடியுது. மிச்சமாகிற வட்டி 6 லட்சத்துக்கும் மேல. தனிநபரோட ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா பேங்க் அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லயே சொல்லியிருக்கு, அதனால அந்த பயமும் இல்ல. கட்டும்போது மறக்காம "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறைங்க"ன்னு எழுதிக் கொடுக்கணும்.

பாக்கிக் கடன் எவ்வளவுங்கிறதை மட்டும் ரெண்டு கோடா போட்டு, ஒரே ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒண்ணு சாதாரணமா கட்டினா, இன்னொண்ணு போனஸ் சேர்த்துக் கட்டினா. தனியா பேர்ப் பெட்டி வைக்கல, கோட்டு முனையிலயே பேர். மேல தலைப்பு: "போனஸ் போட்டா மூணு வருஷம் முன்னாடி முடியும்".

அக்கா அதை பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காங்க. மாசா மாசம் பென்சில்ல ஒரு புள்ளி வைக்கிறாங்க. போன தடவை போனப்போ பார்த்தேன், ஒன்பது புள்ளி இருந்துச்சு. ஒன்பதாவது கோட்டுக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு. கேட்டதுக்கு, "பேங்க்காரன் வட்டியை ஏத்திட்டானோ என்னமோ, நீ வந்து அந்த செல்லை மாத்திக் கொடு"ன்னாங்க.